கிரீன்ஹாம் பொதுநிலம்

விமானதளங்களின் சரித்திரத்தை விமானங்களையும் தளபதிகளையும் வைத்தே எழுதிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் நியூபரி ஊருக்கு அருகிலுள்ள கிரீன்ஹாம் காமன் தளத்தை நிலத்தின் பக்கமிருந்து பார்க்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது. காமன் என்றால் பொதுநிலம். சுற்றுவட்டாரத்தில் சிலருக்கு அங்கே கால்நடை மேய்க்கவும் விறகெடுக்கவும் பரம்பரை உரிமை இருந்தது.

1941இல் யுத்தத்திற்கென்று அதை எடுத்துக்கொண்டார்கள். 1944 ஜூன் 5 மாலை, முகத்தில் கரி பூசி நின்ற அமெரிக்க பாராசூட் வீரர்களோடு ஐஸன்ஹோவர் இங்கேதான் பேசினார். அன்றிரவே அவர்கள் நார்மண்டிக்குப் பறந்தார்கள். பிரசித்தமான அந்தப் புகைப்படத்தோடு தளத்தின் சரித்திரம் பலருக்கு முடிந்துவிடுகிறது.

நாஜிகளை எதிர்த்த அந்த யுத்தத்தின் நியாயத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நியாயமான அவசரமும் காரியம் முடிந்ததும் தானாக விலகிக்கொள்வதில்லை. யுத்தத்திற்குப் பின் மூடப்பட்ட தளம் 1951இல் அமெரிக்க விமானப்படைக்குப் போயிற்று. ஓடுபாதை சுமார் 3 கிலோமீட்டருக்கு நீண்டது. 1983 முதல் அணு ஆயுத க்ரூயிஸ் ஏவுகணைகள் வந்தன; மொத்தம் 96. அதற்கு முன்பே, 1981 செப்டம்பரில் வேல்ஸிலிருந்து நடந்துவந்த பெண்கள் வேலிக்கு வெளியே முகாமிட்டிருந்தார்கள்.

அனுமதியின்றி உள்ளே நுழைவதைக் குற்றமாக்கி 1985இல் அரசு துணைவிதிகள் போட்டது. தண்டனை பெற்ற இரு பெண்களின் வழக்கு பிரபுக்கள் சபைவரை போயிற்று. துணைவிதிகளுக்கு ஆதாரமான 1892ஆம் வருஷத்து ராணுவ நிலச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: எந்தத் துணைவிதியும் பொதுநில உரிமையைப் பாதிக்கக் கூடாது. 1990இல் துணைவிதிகள் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. அணு ஆயுதம் சரியா தவறா என்ற விவாதத்தால் ஆகாதது, மாடு மேய்க்கும் உரிமையால் ஆயிற்று.

இதை மிகைப்படுத்த வேண்டாம். ஏவுகணைகளை அகற்றியது தீர்ப்பல்ல. ரீகனும் கோர்பச்சேவும் 1987இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம். கடைசி ஏவுகணை 1991இல் வெளியேறியது. ஆனால் ஆயுதம் போனதும் நிலம் தானாகத் திரும்பிவிடவில்லை. ஓடுபாதையை உடைத்து, வேலியைப் பிடுங்கி, 2000 ஏப்ரலில்தான் வெளியைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மேய்ச்சல் உரிமைகளை மீட்க 2002இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. எடுப்பதற்கு ஒரு யுத்தம் போதுமாயிருந்தது. திருப்பித் தர அறுபது வருஷம் ஆயிற்று.

இன்று அங்கே மாடுகள் மேய்கின்றன. ஏவுகணைகளை வைத்திருந்த ஆறு பிரம்மாண்டமான கொட்டடிகளும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக நிற்கின்றன. சரித்திரம் படிக்கிறவர்கள் கொட்டடிகளைப் பார்க்கப் போவார்கள். மாடுகளையும் பார்க்கவேண்டும் என்பதே என் கட்சி.