இருபது மடங்கு விலை: ஸ்பின்னிங் றீலின் கதை

யப்பானிய நிறுவனமான ஷிமானோ, சியன்னா என்ற பெயரில் ஒரு தூண்டில் றீலை விற்கிறது. அமெரிக்கச் சந்தையில் அதன் விலை ஏறக்குறைய 35 டொலர். அதே நிறுவனத்தின் ஸ்டெல்லா றீலின் விலையோ 700 டொலருக்கும் மேல். இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். வீசும்போது நூலை விடுகின்றன; பின்னர் சுற்றி எடுக்கின்றன. இந்த இருபது மடங்கு வேறுபாடு எதற்காக? தூண்டில் வாங்கப் போகும் எவரும் கேட்கும் கேள்வி இது. கடைக்காரரின் பதிலைவிட அந்தக் கருவியின் வரலாறு தரும் பதில் நம்பகமானது என்பது எனது கருத்து.

பழைய றீல்களில் வீசும்போது நூற்சுருளும் சேர்ந்து சுழன்றது. பாரமான ஈயக்குண்டு அதனைச் சுழற்றிவிடும். சிறிய இரையால் அது முடியாது. இரை நீரில் விழுந்த பின்னரும் சுருள் சுழன்றுகொண்டிருந்தால் நூல் சிக்குப்பட்டுக் குருவிக்கூடாகிவிடும். ஸ்கொட்லாந்தின் பேர்த் நகரத்தவரான பீற்றர் மலொக் 1884இல் ஒரு வழி கண்டார். வீசும்போது சுருளைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால், அது சுழலாமலேயே அதன் விளிம்பிலிருந்து நூல் கழன்று ஓடும். சுற்றும்போது மீண்டும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் நூல் முறுக்கேறிற்று.

முழுமையான தீர்வு நெசவுத் தொழிலில் இருந்து வந்தது. இங்கிலாந்தின் பிரட்போட் நகரம் அக்காலத்தில் கம்பளித் தொழிலின் தலைநகரம். அங்கு ஆலை அதிபராக இருந்த அல்பிரட் ஹோல்டன் இலிங்வேர்த், நூற்பு இயந்திரத்தின் கதிர்களிலிருந்து தடையின்றி நூல் கழன்று வருவதை நன்கறிந்தவர். சுருளை அசையாமல் நிறுத்தி, அதனைச் சுற்றிவரும் ஒரு கையால் நூலைச் சுற்றும் றீலுக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். இன்றைய ஸ்பின்னிங் றீல்கள் அனைத்தும் அதன் வழிவந்தவையே. (அந்த ஆலைகளில், அரைநாள் பள்ளியும் அரைநாள் வேலையுமாகச் சிறுவர்கள் உழைத்த காலம் அது. றீலின் வரலாற்றை எழுதுவோர் இதனை ஏனோ எழுதுவதில்லை.) 'ஸ்பின்னிங்' என்ற பெயர் நூற்பிலிருந்து வந்தது என எண்ணத் தோன்றும்; உண்மையில் அது நீரில் சுழன்று செல்லும் செயற்கை இரையைக் குறித்தது.

1930களின் தொடக்கத்தில் அல்னிக் நகரின் ஹார்டி நிறுவனம், நூலைத் தானாகவே பிடித்துக்கொள்ளும் முழுக் கம்பி வளையத்தைத் தனது அல்டெக்ஸ் றீலில் பொருத்தியது. அதுவரை இது வசதி படைத்தோரின் விளையாட்டுப் பொருள். இதனைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவற்றுள் ஒன்று நைலோன். 1938இல் டூபொன்ட் நிறுவனம் அதனை அறிவித்தது. நம் நாட்டில் தங்கூசி எனப்படும் ஒற்றையிழை நைலோன் நூல், உலர்த்திப் பேண வேண்டிய பட்டு நூலின் இடத்தைப் பிடித்தது. மற்றையது கடிகாரத் தொழில்.

பிரான்சின் அல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள குளூஸ் என்னும் சிற்றூரில் 1848 முதல் கடிகாரப் பள்ளி இயங்கியது. நுண்ணிய பற்சக்கரம் கடைவது அவ்வூராரின் பரம்பரைத் தொழில். அங்கிருந்த கார்ப்பானோ-பொன்ஸ் நிறுவனத்தின் மிட்செல் றீல்கள் போருக்குப் பின்னர் உலகெங்கும் பரவின. மிட்செல் 300 இன்றும் பலரிடம் பழுதின்றிச் சுற்றுகிறது. கழற்றலாம், எண்ணெய் இடலாம், தேய்ந்த உறுப்பை மாற்றலாம். நடுத்தர வருமானமுள்ளவர் வாங்கிய பொருள்தான் அது. மட்டமான பொருள் அல்ல. இன்றைய சந்தையில் இத்தகைய இடைநிலைப் பொருள் அருகி வருவதே எனக்குக் கவலை தருவது.

குளூஸின் செல்வாக்கு 1970களில் சரிந்தது. யப்பானின் சக்காய் நகரம் வாளுக்கும் கத்திக்கும் துப்பாக்கிக்கும் பெயர்பெற்றது. அங்கு 1921இல் தொடங்கிய ஷிமானோ, துவிச்சக்கர வண்டியின் பின்சில்லுப் பற்சக்கரம் செய்தே வளர்ந்தது. சூடாக்காமலேயே உலோகத்தை அழுத்தி உருவாக்கும் முறையில் தேர்ச்சிபெற்று, 1970இல் மீன்பிடி உபகரணத்துறையில் இறங்கியது. ஸ்டெல்லா 1992இல் வெளிவந்தது.

ஆகவே அதிக விலை பெருமளவுக்குப் பற்சக்கரத்துக்கே போகிறது. மிக மலிவான றீல்களில் அது பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. பாரம் கூடினால் பற்கள் விரைவில் தேய்ந்து 'கரகர' என்னும். விலை கூடியவற்றில் அது அழுத்தி உருவாக்கிய அலுமினியக் கலவை. உடல் மக்னீசியம் அல்லது அலுமினியம். மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் தட்டுகள், கம்பளித் துணிக்குப் பதிலாகக் காபன் இழை. உப்புநீர் புகாத தடுப்புகளும் உண்டு. பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் பெயாரிங் எண்ணிக்கையை நான் பொருட்படுத்துவதில்லை. தரமற்ற பத்தைவிடத் தரமான நான்கு மேல்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கைபிடி சிறிதும் பின்னோக்கி அசையாதபடி தடுக்கும் உருளை பெயாரிங், 1990களில் உயர்விலை றீல்களின் சிறப்பம்சம். இன்று மிக மலிவான றீலிலும் அது உண்டு. ஷிமானோவின் அழுத்தி உருவாக்கிய பற்சக்கரமும் இவ்வாறே செடோனா போன்ற குறைந்த விலை வகைகளுக்கு இறங்கிவந்துவிட்டது. குளத்திலும் களப்பிலும் எப்போதாவது தூண்டில் போடுபவருக்கு அது தாராளமாகப் போதும். பாரை, சூரை போன்ற வலிய மீன்களைத் தேடி வாரந்தோறும் கடலுக்குப் போகிறவர், ஸ்டெல்லாவுக்கு எட்டாவிட்டாலும் அலுமினிய உடலும் நீர்த்தடுப்பும் உள்ள ஒன்றுக்குப் பணம் சேர்ப்பது நல்லது. எதை வாங்கினாலும் கடலிலிருந்து வந்ததும் நன்னீரை மெல்லத் தெளித்துக் கழுவவேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும்.