சேர் ஐவர் ஜெனிங்ஸ் கண்ட இலங்கை

1941ஆம் ஆண்டு, உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், ஐவர் ஜெனிங்ஸ் என்னும் ஆங்கிலச் சட்ட அறிஞர் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராகப் பதவியேற்கக் கொழும்பு வந்து சேர்ந்தார். வயது நாற்பது நிரம்பவில்லை. ஆயினும் அமைச்சரவை ஆட்சிமுறை பற்றி 1936இல் அவர் வெளியிட்ட நூலால் அதற்கு முன்னரே பெரும் பெயர் பெற்றிருந்தார். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அன்னாரே அதன் முதல் உபவேந்தரானார். அந்நூலை யானும் வெளிவாரிப் பட்டப் பரீட்சையின் பொருட்டு, பாடசாலை வேலை முடிந்த பின், வெள்ளவத்தை அறையொன்றில் இரவு வேளைகளிற் படித்தவன். நடை தெளிவானது, முடிபுகள் ஐயத்துக்கு இடந்தராதவை. அத்தெளிவே நாளடைவில் என் உள்ளத்தை உறுத்தத் தொடங்கியது.

ஜெனிங்ஸ் கண்ட இலங்கை வியப்புக்குரிய நாடாகவே இருந்தது. டொனமூர் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி 1931இலேயே ஆண் பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்துவிட்டது. பிரித்தானியப் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற்று அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற நம் பெரியோர் சிலர் அதனை எதிர்த்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆகவே, வாக்களிக்கப் பழகிவிட்ட ஒரு மக்கட் கூட்டத்துக்கு வேண்டியது நல்லதோர் அமைச்சரவை முறையே என்று ஜெனிங்ஸ் எண்ணியதில் வியப்பில்லை. டி. எஸ். சேனநாயக்காவின் நம்பிக்கைக்குரிய ஆலோசகரானார். 1944இல் அமைச்சர்கள் முன்வைத்த அரசியலமைப்பு வரைவை ஆக்குவதில் பெரும்பங்கு அவருடையதே. சோல்பரி ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட திட்டத்தின் எலும்புக்கூடு அவ்வரைவேயாம்.

அவர் நோக்கு எங்கிருந்து எழுந்தது என்பதையும் கருதல் வேண்டும். தேர்ஸ்டன் வீதியிற் பல்கலைக்கழகம். சற்றுத் தொலைவில் அமைச்சர்களின் இல்லங்கள். அங்கே சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் ஆங்கிலத்திற் பேசி, ஆங்கிலத்தில் வாதிட்டு, மாலையில் ஒன்றாகத் தேநீர் அருந்தினர். இவர்கள் ஆளும்வரை மரபும் நிதானமும் நாட்டைக் காக்கும் என்று அவர் நம்பினார் போலும். ஜீ. ஜீ. பொன்னம்பலம் சமபல பிரதிநிதித்துவம் கேட்டு ஆணைக்குழுவின்முன் நீண்ட நேரம் வாதாடினார். ஐம்பதுக்கு ஐம்பது என்ற அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. விரிவான அடிப்படை உரிமைகளும் எழுதப்படவில்லை. அத்தகைய எழுத்துக்களில் ஜெனிங்சுக்கு நம்பிக்கை குறைவு. 1952இற் சென்னைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றியபோது, இந்திய அரசியலமைப்பு மிக நீண்டது, நெகிழ்ச்சியற்றது என்றே குறை கூறினார்.

சிறுபான்மையினருக்கு அவர் துணைநின்ற திட்டத்தில் இரு காப்புகள் இருந்தன. ஒன்று, எந்தச் சமூகத்துக்கும் மதத்துக்கும் பாகுபாடு காட்டும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்ற 29ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு. மற்றையது, தேர்தற்றொகுதிக் கணக்கு. ஒவ்வொரு மாகாணத்திலும் 75,000 மக்களுக்கு ஓரிடம். அதன்மேல் நிலப்பரப்புக்காக ஆயிரம் சதுர மைலுக்கு ஓரிடம் என்ற வகையில் நாடு முழுவதற்கும் 25 இடங்கள். மக்கள் அடர்த்தி குறைந்த வடக்கும் கிழக்கும் இதனாற் பயன்பெறும். தெரிவுசெய்யப்படும் 95 இடங்களில் 58 சிங்களவருக்கும் 37 ஏனையோருக்கும் கிடைக்கலாம் என மதிப்பிடப்பட்டது. அந்த 37இல் 14 மலையகத் தமிழருக்கு உரியனவாம்.

இக்கணக்கைப் பத்தாம் வகுப்பிற் கற்பித்த ஒருநாள், ஒரு மாணவன் எழுந்து, "சேர், 75,000 பேர் என்பது வாக்காளரா, ஆட்களா?" என்று வினவினான். முழு விடயமும் அவ்வினாவிலேயே அடங்கியுள்ளது. எண்ணப்பட்டவர் ஆட்கள், வாக்காளர் அல்லர்.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறக்குறைய 7,80,000 பேர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரைப் பிரசைகள் அல்லாதோர் ஆக்கியது. 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்கையும் பறித்தது. ஆனால் தொகுதிக் கணக்கில் அவர்களுடைய தலைகள் தொடர்ந்து எண்ணப்பட்டன. தோட்டத் தொழிலாளர் நிறைந்திருந்த மலைநாட்டுத் தொகுதிகள் அப்படியே நின்றன. அங்கே வாக்களிப்போர் மட்டும் மாறினர். சிறுபான்மையோருக்கென அமைத்த கணக்கு கண்டிச் சிங்கள வாக்காளருக்கு மிகையான இடங்களை ஈட்டிக் கொடுத்தது. அரசியலமைப்பின் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. 1953இல் கோடக்கன் பிள்ளை வழக்கைக் கேட்ட கோமறைக் கழகம், தன் பிரசைகள் யாவர் எனத் தீர்மானிப்பது ஒரு நாட்டின் உரிமையே என்று கூறி, அச்சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரணல்ல எனத் தீர்ப்பளித்தது. அமைச்சரவையில் அந்நாளில் தமிழரும் இருந்தனர் என்பது நாம் அடிக்கடி மறந்துவிடும் செய்தி.

1956இற் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1958இற் கொழும்புத் தமிழர் அகதிகளாகக் கப்பலேறி வடக்கே சென்றனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முதியோர் வாயில் 1958உம் 1983உம் சிலவேளை ஒரே கதையாகக் கலந்துவிடுவதுண்டு. ஜெனிங்ஸ் கேம்பிரிட்சுக்குத் திரும்பியபின் நிகழ்ந்தவை இவை. சோல்பரி ஆணைக்குழுவின் தலைவரும் பின்னர் 1949 முதல் 1954 வரை மகாதேசாதிபதியாக இருந்தவருமான சோல்பரி பிரபு, பி. எச். பாமர் என்னும் கேம்பிரிட்சுப் புவியியலாளர் இலங்கை பற்றி 1963இல் வெளியிட்ட நூலுக்கு முன்னுரை எழுதினார். இந்திய அரசியலமைப்பிற் போன்று அடிப்படை உரிமைகளைப் பொறித்து வைக்கும்படி விதந்துரையாது விட்டமைக்கு அதில் வருந்தியுள்ளார். ஆட்சியின் உச்சியில் ஐந்தாண்டு அமர்ந்திருந்தவர், நாட்டை விட்டுச் சென்ற பின்னரே இவ்வாறு எழுதினார்.

வெளிநாட்டார் மீதே குற்றமனைத்தையும் சுமத்துதல் நேர்மையன்று. 1947இல் வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதியின் உறுப்பினராகத் தெரிவானவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தவர்; ஒரு மொழியெனின் இரு நாடுகள், இரு மொழியெனின் ஒரு நாடு என்று 1956இல் எச்சரித்தவர். அவரே 1970இன் பின் அரசியலமைப்பு விவகார அமைச்சரானார். அரசியல் நிர்ணய சபை நவரங்கஹலவிற் கூடியது. ஜெனிங்சின் பழைய பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரம். 1972 மே 22ஆந் தேதி பிறந்த குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவின் காப்பு இடம்பெறவில்லை. அடிப்படை உரிமைகள் என்றோர் அத்தியாயம் இருந்தது. சிங்களமே அரச கரும மொழி என்பதும் அதே ஏட்டில் இருந்தது.

அதற்கு முன்னரே அக்காப்பின் வலுவைச் சோதிக்க ஒருவர் முயன்றிருந்தார். கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுதுவினைஞர், சிங்களப் பரீட்சையிற் சித்தியடையவில்லை என்பதற்காகத் தம் சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்கிட முடியாது என்று அதனை மாற்றியது. 1969இல் கோமறைக் கழகம், வழக்கிடலாம் என்று கூறி, மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானதா என்ற வினாவை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. 1971இற் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அப்பிரிவும் இல்லாதொழிந்தது. கோடீஸ்வரனின் வினாவுக்கு எந்த நீதிமன்றமும் இறுதியான விடையளிக்கவில்லை.