பெரியவர் செய்த காரியம்

நான் புங்குடுதீவு இறுப்பிட்டியாள். 2015 மே 13 என்றால் எங்கள் தீவில் இன்றும் எவரும் சட்டென்று வாய்திறக்க மாட்டார்கள். பள்ளிக்குப் போன பிள்ளை அன்று வீடு திரும்பவில்லை. தேடச் சொல்லிப் பொலிசிடம் போன தாய்க்கு, மகள் யாருடனாவது போயிருப்பாள் என்ற பதில்தான் கிடைத்தது என்று அன்றைய செய்திகள் எழுதின. மறுநாள் உடல் கிடைத்தது.

அந்தப் பதில் ஒரு கான்ஸ்டபிளின் மனக்கோணல் என்று விட்டுவிட என்னால் முடியாது. அந்தக் கொலையில் பிடிபட்ட முக்கிய சந்தேகநபர் ஒருவர் தப்பிக் கொழும்புக்குப் போனார். அதற்கு உதவியவர் என்று 2017 ஜூலையில் கைதானவர் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபராக இருந்த லலித் ஜயசிங்க. அந்த செப்டம்பரிலேயே யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் எழுவருக்கு மரணதண்டனை விதித்தார்கள். பொலிஸ் அதிகாரியின் வழக்கோ இழுபட்டு, 2025இல்தான் நாலு வருடக் கடூழியச் சிறையில் முடிந்தது.

மேலதிகாரி வளைந்தால் கீழே இருப்பவன் யாரைப் பார்த்து நிமிர்வான்? இலங்கைப் பொலிசின் அடித்தளம் இன்றும் 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாவற்றையும் அரசியல்வாதியின் கையிலிருந்து பிரிக்க 2001இல் அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் சுயாதீன பொலிஸ் ஆணைக்குழுவைக் கொண்டுவந்தது. 2010இல் 18ஆவது அதன் பல்லைப் பிடுங்கியது. அதைத் திருப்பிக் கொடுத்த 19ஆவதில் சபாநாயகர் ஒப்பமிட்டது 2015 மே 15, எங்கள் பிள்ளையின் உடல் கிடைத்த மறுநாள்.