வயல்வாய்க்காலின் சின்ன வேட்டைக்காரர்கள்

முதன்முதலாக மீன் தொட்டி வாங்கப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகைக்கு நிறம் போதும். இன்னொரு வகைக்கு வேட்டையைப் பார்க்க வேண்டும். இரை அசைவதைக் கண்டு மீன் சட்டென்று நின்று, உடம்பை லேசாக வளைத்து, ஒரே பாய்ச்சலில் முடிக்கிற அந்தக் கணத்துக்காகவே தொட்டி வாங்குகிறவர்கள் இவர்கள். கடைக்காரர் இவர்களை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். “ஆஸ்கர் எடுத்துக்கோங்க தம்பி, மூணு இன்ச்தான், எதைப் போட்டாலும் சாப்பிடும்” என்பார். அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஒரே வருஷத்தில் அது ஒரு அடியை நெருங்கும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருப்பார். தென்னமெரிக்க ஆற்றுக்காகப் படைக்கப்பட்ட மீன் இரண்டடித் தொட்டியில் திரும்பக்கூட முடியாமல் நிற்கும். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு பைக், பக்கத்தில் ஓர் ஏரி. செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கா பஞ்சம்?

இரண்டடித் தொட்டிக்குள் அடங்குகிற, கொசுப்புழுவையும் பூச்சியையும் குஞ்சு மீனையும் துரத்திப் பிடிக்கிற சின்ன வேட்டை மீன்கள் இந்த மண்ணிலேயே இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை நூறு வருஷத்துக்கு முன்பே ஐரோப்பியர்கள் வரவேற்பறையில் வைத்து வளர்த்தார்கள். நமக்கு அவை இன்றைக்கும் ‘பொடி மீன்’தான். ஏன் இப்படி ஆனது என்று பின்னோக்கிப் போனால் கதை தரங்கம்பாடி, புதுச்சேரி, பெர்லின், பாரிஸ் என்று சுற்றிக்கொண்டு கடைசியில் நம் வீட்டுக் கிணற்றடிக்கு வந்து நிற்கிறது.

முதலில் தண்ணீரைப் பற்றி. செங்கல்பட்டு ஏரிப் பாசன பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும். மதகு வழியாக நீர் வாய்க்காலுக்கும் வயலுக்கும் பரவும். மீனும் கூடவே பரவும். சித்திரை வந்தால் அதே தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறும், கலங்கும், அழுகிய பயிரின் வாடை அடிக்கும். அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ரொம்பக் குறைவு. செவுளை மட்டும் நம்பியிருக்கிற மீன் அங்கே பிழைக்காது. காற்றையே நேராக மூச்சிழுக்கத் தெரிந்தவைதான் பிழைக்கும். விரால், குரவை, பனையேறிக் கெண்டை எல்லாம் அந்த வகை. தலைக்குள் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்போ, தனியாக ஒரு காற்றறையோ இவற்றுக்கு உண்டு. அவ்வப்போது மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டு இறங்குவதை ஏரிக்கரையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்போம்.

கிராமத்தில் வருஷா வருஷம் நடக்கிற மீன்பாசி ஏலத்தில் இந்தச் சின்னவற்றுக்குக் கணக்கே கிடையாது. விராலுக்கு விலை, கெண்டைக்கு விலை. விரல் நீளத்து மீன்கள் எல்லாம் துண்டை விரித்துப் பிடிக்கிற பிள்ளைகளுக்கு விட்ட பங்கு.

ஆனால் இதே பொடிகளைச் சாராயத்தில் ஊறப்போட்டுக் கப்பலேற்றி அனுப்பிய ஒருவர் இருந்தார். தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். டேனிஷ்காரர்களின் அந்தச் சின்னக் கோட்டை ஊரில் இருந்துகொண்டு, பெர்லின் மருத்துவர் மார்கஸ் எலீசர் பிளாக்குக்கு மீன்களை அனுப்பினார். பிளாக் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. பனையேறிக் கெண்டைக்கு 1792இல் அறிவியல் பெயர் வைத்தார். விராலுக்கும் குரவைக்கும் 1793இல் வைத்தார். கத்தாழை மீன்களின் ஒரு பேரினத்துக்கு ‘ஜோனியஸ்’ என்று பெயரிட்டு, அனுப்பி வைத்த ஜானுக்கும் நன்றி சொன்னார். அதே தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளத்தோரப் பனைமரத்தின் பட்டை இடுக்கில் இந்த மீன் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னியன் சங்கத்தின் ஏட்டில் அது அச்சானது. அது நிஜமாகவே பனை ஏறுமா என்று ஐரோப்பியர்கள் அதற்குப் பிறகு வெகுகாலம் சண்டை போட்டார்கள். நம் ஊரில் அந்தப் பெயர் அதற்கும் முன்னாலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை.

நம் கதையின் நாயகன் பிரெஞ்சுக்காரர்கள் வழியாக வருகிறான். குவியேயும் வலென்சியன்னும் சேர்ந்து எழுதிய மாபெரும் மீன் நூலின் ஏழாவது தொகுதி 1831இல் பாரிஸில் வெளியானது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரியாங்குப்பம் ஆற்றில் பிடித்த ஒரு மீன் அதில் இடம்பெற்றது. அரியாங்குப்பம் பிரெஞ்சு நாக்கில் ‘அரியான்கூபாங்’ ஆகி, அதிலிருந்து மீனின் பெயர் ‘குபானஸ்’ ஆனது. இன்றைய முழுப் பெயர் சூடோஸ்ஃப்ரோமெனஸ் குபானஸ். வாய் நிறைய இருக்கிறது, மீன் என்னவோ இரண்டரை அங்குலம்தான். வால் நடுவில் ஊசி மாதிரி நீண்டிருக்கும், கண்ணில் ஒரு சிவப்பு, உடம்பெல்லாம் சேற்றுப் பழுப்பு. கிழக்குக் கரையோரம் ஓடைகளிலும் வயல்வாய்க்கால்களிலும் கொஞ்சம் உப்புக் கரிக்கிற நீரிலும் வாழும். கடைகளில் விற்கிற ஃபைட்டருக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம். இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் ஃபைட்டர் தாய்லாந்திலிருந்து வந்த மாப்பிள்ளை. இவன் வீட்டுப் பிள்ளை, அதனால் மதிப்பில்லை.

ஐரோப்பாவில் வெப்பநாட்டு மீன் வளர்ப்பு ஒரு பித்தாகத் தொடங்கியதே இந்தச் சாதி மீன்களால்தான். 1869இல் பாரிஸில் பியர் கார்போனியே சீனத்துப் பாரடைஸ் மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்து காட்டினார். அப்போது காற்றுப் பம்பு கிடையாது, ஃபில்டர் கிடையாது, மின்சார ஹீட்டர் கிடையாது. வாரக்கணக்கில் கப்பலில், மண்பானையிலோ தகர டப்பாவிலோ உயிரோடு வந்து சேரக்கூடியது காற்றை விழுங்கத் தெரிந்த மீன்தான். சித்திரை மாசத்து வயலில் பிழைக்கக் கற்றுக்கொண்ட உடம்பு கப்பலிலும் பிழைத்தது. நாமும் கவனிக்க வேண்டியது இதைத்தான். புதிதாக மீன் வளர்ப்பவரின் தொட்டி என்பது பெரும்பாலும் ஒரு சித்திரை மாசத்து வயல்தான்: தீனி அதிகம், தண்ணீர் மாற்றுவது குறைவு, ஆக்சிஜன் எப்போது குறையும் என்று தெரியாது. ஹாம்பர்க் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களிலிருந்து மாலுமிகளும் கேப்டன்களும் இறக்கிய மீன்களை ஜெர்மன் ஆர்வலர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். அவர்களில் ஒருவரான பால் அர்னால்ட், தென்னிந்தியாவில் வாழும் ஒரு பச்சை நிறப் பொடி மீனுக்கு 1911இல் பெயர் வைத்தபோது, அதைக் கொண்டு வந்த கேப்டன் பிளாக்கின் பெயரையே வைத்தார்.

அந்தப் பொடி மீனின் உறவுக்காரன் ஒருவனுக்குப் பெயர் வைத்தது நம்மவர். 1916இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஏட்டில், சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி பி. சுந்தர ராஜ் ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். அதில் ‘பார்வஸ்’, அதாவது ‘சின்னது’ என்ற பெயரோடு ஒரு புதிய இனம் வந்தது. இன்றைக்கு அது அப்லோசீலஸ் பார்வஸ். நீர்மட்டத்தை ஒட்டியே நிற்கும். உச்சந்தலையில் ஒரு வெள்ளிப்புள்ளி மினுக்கும், மேலிருந்து பார்த்தால் அந்தப் புள்ளி மட்டும்தான் தெரியும். இதன் இனத்தாரை மலையாளத்தில் ‘மானத்துக்கண்ணி’ என்பார்கள், வானத்தைப் பார்க்கிற கண்ணுடையவள். எறும்போ கொசுவோ நீரில் விழுந்தால் அடுத்த நொடி இருக்காது.

அது மீன் மேல் சர்க்காருக்குக் கண் விழுந்திருந்த காலம். 1907இல் பிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாண மீன்வளத் துறை வேலை தொடங்கியது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தது. நாட்டிலேயே முதலாவது. இரண்டாம் உலகப் போரில் அது மூடப்பட்டது. மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த பிறகு, கொசுப்புழு தின்கிற மீன் எது என்ற தேடல் மும்முரமானது. 1912இல் சீமோர் சூவலும் பி.எல். சௌத்ரியும் அப்படிப்பட்ட இந்திய மீன்களை வரிசைப்படுத்திக் கல்கத்தாவில் ஒரு நூலே வெளியிட்டார்கள். வெள்ளிப்புள்ளிக்காரனின் இனத்தார் அதில் முக்கியமானவர்கள்.

கையில் பட்டியல் இருந்தது, வாய்க்காலில் மீன் இருந்தது. அப்படியும் 1928இல் இத்தாலியிலிருந்து கம்பூசியாவை இறக்கினார்கள். அது அமெரிக்க மீன். முட்டையிடாது, குட்டி போடும், வேகமாகப் பெருகும், எண்ணிக்கையில் காட்ட முடியும். அதிகாரிக்கு வேறென்ன வேண்டும்! இன்றைக்கும் டெங்கு சீசனில் சுகாதாரப் பணியாளர் கிணற்றில் விடுவது கம்பூசியாவையோ கப்பியையோதான். கம்பூசியா கொசுப்புழுவோடு நிறுத்திக்கொள்வதில்லை. மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தவளையின் தலைப்பிரட்டை எல்லாம் அதற்குத் தீனி. உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. குபானஸும் பார்வஸும் இருந்த இடத்தில் அதை நாமே கொண்டு போய் விட்டோம்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், கோவளத்துக்குக் கொஞ்சம் முன்னால் முட்டுக்காடு வருகிறது. படகுச் சவாரிக்குப் போகிறவர்கள் கவனிக்காத இன்னொரு மீன் இந்த மாதிரிக் கழிமுக நீரில் உண்டு. செல்லக்காசு என்கிற ஆரஞ்சு குரோமைடு, காசு மாதிரி வட்டமாக, மஞ்சளாக இருக்கும். ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கணக்கில் இருக்கிற சிக்லிட் குடும்பத்துக்கு இந்தியாவில் மூன்றே வாரிசுகள். அவற்றில் இது சின்னது. இதன் குணம் ஒரு சிறுகதைக்குத் தாங்கும். தன் பெரிய உறவான கரிமீனின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் செய்யும். இதைக் கவனித்த வைமனும் வார்டும் 1972இல் எழுதியிருக்கிறார்கள். அதே கரிமீனின் கூட்டில் முட்டையும் குஞ்சும் கிடைத்தால் அதையும் இதுவே தின்னும். தன் குஞ்சுகளுக்கோ தன் தோலில் ஊறும் வழவழப்பையே ஊட்டும். முட்டுக்காட்டிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. இந்தியாவில் கொடுவா மீனை முதன்முதலில் செயற்கையாக இனப்பெருக்கம் செய்த இடம் அது. செல்லக்காசையும் அங்கே பெருக்கியிருக்கிறார்கள்.

இதற்கு நேரெதிர் திசையில் கொளத்தூர். நகரத்தோடு சேர்வதற்கு முன் அதுவும் செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிக்கரைக் கிராமம்தான். சிமென்ட் தொட்டியும் கிணற்று நீருமாக அங்கே வளர்ந்த தொழில் இன்று நாடு முழுக்கப் பை பையாக மீன் அனுப்புகிறது. மோலி, கப்பி, ஃபைட்டர், கோல்டு ஃபிஷ் என்று பெரும்பாலும் வெளிநாட்டு வகைகள். சமீபத்தில் இளைஞர்களிடையே ‘சன்னா’ மோகம் வந்திருக்கிறது. வடகிழக்கு மாநிலங்களின் குள்ளக் குரவைகளை ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. குஞ்சுகளை வாயில் அடைகாக்கிற ஆண் சன்னாவைப் பார்த்தவன் மறக்க மாட்டான். ஆனால் முதல் தொட்டிக்கு வேண்டாம் என்பேன். மூடியில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் இரவோடு இரவாகத் தரையில் கிடக்கும். இணை சேராவிட்டால் ஒன்றை ஒன்று கிழித்துவிடும்.

செல்லக்காசையும் இரண்டாவது தொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். ஜோடி சேர்ந்துவிட்டால் மற்ற மீன்களை மூலைக்கு விரட்டும். உவர்நீர்ப் பழக்கம் உள்ளதால் தண்ணீரின் தன்மையும் பார்க்க வேண்டும். பார்வஸ் எளிது. ஆனால் அது மேல்மட்டத்தை விட்டு இறங்காது. தாவும், மூடி கட்டாயம்.

எனவே என் ஓட்டு குபானஸுக்கு. இரண்டடித் தொட்டியில் ஒரு ஜோடி. ஃபில்டர் இருந்தால் ஓட்டம் மெதுவாக இருக்கட்டும். வேலம்பாசியும் நாலைந்து காய்ந்த வாதுமை இலையும் போடுங்கள். நீர் தேநீர் நிறத்துக்கு மாறும், பயப்பட வேண்டாம். நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு அங்குலம் விடுங்கள், அங்கேதான் அது மூச்சு விடும். தீனிக்குக் கொசுப்புழு, நறுக்கிய மண்புழு, ஆர்ட்டீமியா. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். கூட எந்த மீனை விடலாம் என்று கேட்பார்கள். அதன் வாய்க்குள் நுழையாத அளவுள்ள, சாதுவான எதையும் விடலாம். கப்பிக் குஞ்சு நுழையும், அதை இரையாகவே நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் பிடித்தது என்றால் இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். வேடந்தாங்கல், கரிக்கிலி மாதிரிப் பாதுகாக்கப்பட்ட ஏரிகளின் பக்கம் வலையோடு போகாதீர்கள்.

எல்லாம் ஒத்துவந்தால் ஒருநாள் வாதுமை இலைக்கு அடியில் நுரை தெரியும். ஆண் ஒவ்வொரு குமிழாக வாயில் சுமந்து போய் ஒட்டியது அது. பெண் அன்றைக்குக் கரிக்கட்டை மாதிரிக் கறுத்திருக்கும். மீன் செத்துவிடுமோ என்று பதறி நண்பருக்கு ஃபோன் போடாதீர்கள். முட்டைகள் கீழே விழ விழ ஆண் வாயில் எடுத்து நுரைக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருக்கும், இரவு முழுக்க.