குயிற்குன்றின் பெயர்



ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர்ச் சாலையில் செல்வோர் காணும் வயல்களில் பெரும்பகுதி பெரியாற்று நீரை நம்பியவை. மேற்கே கடலுக்குச் சென்றுகொண்டிருந்த அந்நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் ஜான் பென்னிகுயிக். அவர் பெயரை அறியாதவர் இப்பகுதியில் அரியர்; அதன் பொருளை அறிந்தவரோ மிகச் சிலர்.

ஆங்கிலம் கற்றவர் அப்பெயரில் பென்னிக்காசையும் சமையற்காரரையும் காண்பர். இரண்டும் அதில் இல்லை. ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே பெனிகுயிக் என்றோர் ஊர் உண்டு. ஆங்கிலம் அங்கே பரவுமுன் வழங்கிய, வேல்ஸ் மொழிக்கு உறவான தொன்மொழியில் ‘பென்’ என்பது குன்று; ‘கோக்’ என்பது குயிலினப் பறவை. ஆக, குயிற்குன்று! யானைமலையடியில் குடியிருக்கும் நமக்கு இவ்வகைப் பெயர் புதிதன்று. அவ்வூர்ப் பெயரே குடும்பப் பெயராகிப் பலவாறு எழுதப்பட்டது. நம் பொறியாளர் எழுதிய வடிவம் அவர் நாட்டிலேயே அரிது.

அவர் 1841 சனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருக்கையில், அதே பெயருடைய தந்தையும் அண்ணன் அலெக்சாண்டரும் சிலியன்வாலா போர்க்களத்தில் மடிந்தனர். 1876-78 தாது வருடப் பஞ்சத்தின் வடு ஆறாத காலத்தில், 1887இல் அணைப்பணி தொடங்கியது. 1895இல் நீர் திறக்கப்பட்டது.

பின்பு நிகழ்ந்ததே எனக்கு வியப்பு. தேனி, கம்பம் பகுதியினர் தங்கள் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயரிட்டனர். குடும்பப் பெயர் வழக்கமில்லாத நம்மிடையே அது பிள்ளையின் சொந்தப் பெயராயிற்று; அப்பிள்ளையின் மக்களுக்கு ‘பெ.’ என்ற தலையெழுத்தாகவும் ஆகும்! அவர் படத்துக்கு மாலையிட்டுப் பொங்கல் வைப்பதில் நம்மில் சிலருக்குச் சங்கடம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் பெயரிடுதல் வேறு. பெலிஸ்தர் தூர்த்த துரவுகளை ஈசாக்கு மறுபடியும் தோண்டி, தன் தகப்பன் இட்ட பெயர்களையே அவற்றுக்கு இட்டான் என்று ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தண்ணீர் கண்டவனின் நினைவைப் பெயரில் காப்பது வேதம் அறிந்த வழக்கமே.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்தக் காட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்ட கூலியாட்கள் நூற்றுக்கணக்கானோர். அணையருகே அவர்களுள் சிலரின் கல்லறைகள் உள்ளன. ஈசாக்கின் வேலைக்காரரும் பள்ளத்தாக்கில் வெட்டித்தான் சுரக்கும் நீரைக் கண்டார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் அந்த அதிகாரத்தில் இல்லை.