கிரீன்பாயிண்ட் எண்ணெய் எங்கே ஒளிந்திருந்தது?

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கிரீன்பாயிண்ட் என்றொரு பேட்டை. அதன் தரைக்கடியில் 1.7 கோடி காலன் எண்ணெய் கிடக்கிறது என்று 1979இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்காகத் தயாரான அறிக்கை மதிப்பிட்டது. ஏறத்தாழ 6.4 கோடி லிட்டர். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் கொட்டியது 1.1 கோடி காலன்தான். அதை உலகமே பார்த்தது. கிரீன்பாயிண்டில் விஷயம் வெளிப்பட்டதோ 1978 செப்டம்பரில், ரோந்து ஹெலிகாப்டர் ஒன்று நியூடவுன் ஓடையில் எண்ணெய்ப் படலத்தைக் கண்டபோது. அதுவரை இத்தனை எண்ணெய் எப்படி மறைந்திருந்தது?

சந்தேகப் பட்டியலுக்குப் பஞ்சமில்லை. 1870 வாக்கிலேயே ஓடைக்கரையில் 50க்கு மேற்பட்ட சுத்திகரிப்பு ஆலைகள். சார்லஸ் பிராட்டின் புகழ்பெற்ற ஆஸ்ட்ரல் மண்ணெண்ணெய் இங்கிருந்துதான் போனது. பிறகு ஸ்டாண்டர்டு ஆயில், அதன் வழிவந்த மொபில். 1966இல் மொபில் ஆலை மூடப்பட்டது.

தீக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்காகச் சான்பார்ன் நிறுவனம் வரைந்த பழைய வரைபடங்களில் முதலில் தேடினேன். செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக்கட்டடத்துக்கு மஞ்சள், எண்ணெய்த் தொட்டிக்கு ஒரு வட்டம். ஓடையோரத் தாள்களில் வட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் வரைபடம் தொட்டியைக் காட்டும், கசிவைக் காட்டாது.

அடுத்த தடயம் 1950 அக்டோபர் 5. பெட்ரோல் ஆவி சாக்கடைக்குள் புகுந்து வெடித்தது. சாலை பிளந்தது, 25 பாதாளச் சாக்கடை மூடிகள் பறந்தன, 500க்கு மேற்பட்ட கட்டடங்களில் ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. நூறாண்டுக் கசிவு ஏன் அந்த ஆண்டில் தலைகாட்ட வேண்டும்?

எண்ணெய் ஆவணங்களில் பதில் இல்லை. தண்ணீர் ஆவணங்களுக்குத் திரும்பினேன். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் நீர்மட்ட வரைபடங்களை வரிசைப்படுத்தியதும் கதை பிடிபட்டது. குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஓயாமல் இறைத்ததில், 1936 வாக்கில் புரூக்ளின் நிலத்தடி நீர் சில இடங்களில் கடல் மட்டத்துக்கும் 35 அடி கீழே போயிருந்தது. நீர் எந்தப் பக்கம் சரிகிறதோ எண்ணெயும் அந்தப் பக்கம். ஓடையை நோக்கி வரவேண்டியது ஊருக்குள் நகர்ந்தது. உப்பேறிய கிணறுகளால் 1947இல் புரூக்ளினில் குடிநீருக்கு இறைப்பது நின்றது. நீர்மட்டம் ஏறியது, அடித்தளங்களிலும் சுரங்க ரயில் பாதைகளிலும் தண்ணீர் புகுந்தது. மேலே மிதக்கும் எண்ணெயையும் அது தூக்கியிருக்கும், சாக்கடைக் குழாய்களின் உயரத்துக்கு. 1950 வெடிப்புக்கான இந்த விளக்கம் என் ஊகம். ஓட்டம் மறுபடி ஓடைப் பக்கம் திரும்பியதன் விளைவே 1978இல் ஹெலிகாப்டர் கண்ட காட்சி என்பதில் எனக்கு ஐயம் குறைவு.

கண்காணிப்புக் கிணறுகளின் அளவுகளையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். துளையிட்ட குழாயை நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீளுமாறு இறக்குவார்கள். அளவுநாடாவின் நுனியில் ஓர் உணர்கருவி. பெரும்பாலானவற்றில் எண்ணெயைத் தொட்டால் விடாமல் ஒலிக்கும்; தண்ணீரைத் தொட்டதும் விட்டுவிட்டு ஒலிக்கும். இரண்டு ஆழங்களுக்கும் உள்ள வித்தியாசமே எண்ணெயின் தடிமன். கிணற்றில் தெரியும் தடிமன், சுற்றியுள்ள மண்ணில் உள்ளதைவிட அதிகமாகவே இருக்கும். மழைக்குப் பின் நீர் ஏறினால் அதே எண்ணெய் மண் துகள்களுக்கிடையே சிக்கி, கிணற்றில் மெலிந்து போகும். அந்த மாத அட்டவணையை மட்டும் பார்ப்பவர் சுத்தமாகிறது என்று எழுதிவிடுவார். பக்கத்துப் பத்தியில் நீர்மட்டம் இல்லாத எண்ணெய் அட்டவணையை நான் நம்புவதில்லை.

கிரீன்பாயிண்டில் எண்ணெயை எடுப்பதற்கும் நீர்மட்டத்தைத்தான் பிடித்தார்கள். ஒரு பம்ப் தண்ணீரை இறைத்துப் பள்ளம் உண்டாக்கும்; அதில் சேரும் எண்ணெயை இன்னொரு பம்ப் எடுக்கும். இதுவரை 1.2 கோடி காலனுக்கு மேல் மீட்டிருக்கிறார்கள். 2004இல் ரிவர்கீப்பர் அமைப்பும் 2007இல் நியூயார்க் மாநிலமும் எக்ஸான்மொபில் மீது வழக்குத் தொடுத்தன, 2010இல் 2.5 கோடி டாலருக்கு உடன்பாடு வந்தது.

1947க்கும் 1950க்கும் இடையே கிரீன்பாயிண்ட் கிணறு ஒன்றின் மாதவாரி நீர்மட்டம் கிடைத்தால் என் ஊகம் நிற்குமா விழுமா என்று பார்த்துவிடலாம். அந்த வட்டாரத் தொழிற்சாலைகளின் சொந்தக் கிணற்றுப் பதிவேடுகளை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.