தக்கைக் கைப்பிடியின் வரலாறு

மிதிவண்டிக் கைப்பிடி என்றதும் இன்றைய மாணவர்களுக்கு நெகிழியே நினைவுக்கு வரும். 1890களில் மேலைநாட்டு மிதிவண்டிகள் பலவற்றில் தக்கையே கைப்பிடியாக விளங்கியது. தக்கை என்பது போர்த்துகல் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டையாகும். 1665-இல் இராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் கண்டு 'செல்' எனப் பெயரிட்டது இதன் நுண்ணறைகளையே. அவற்றில் அடைபட்ட காற்றுதான் சாலையின் அதிர்வைத் தணிக்கிறது.

துளையிட்ட தக்கையைப் பசை தடவிக் கம்பியில் செருகுவர். உலர்ந்தபின் மணல்தாளால் தேய்த்து, அரக்கு மெருகை மெல்லியதாகப் பலமுறை பூசுவர். அதனால் வியர்வையும் அழுக்கும் எளிதில் ஊறா.

பட்டையை முறையாக உரித்தால் மரம் சாவதில்லை. மறுமுறை உரிக்க ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதே 1890களில் சிங்கப்பூரில் ரிட்லி வகுத்த பால்சீவும் முறையும் மரத்தைக் கொல்லாத முறையே. தோட்டத்தில் நம் முன்னோர் கைகள் பழகிய அந்தப் பக்குவத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம்.